ஜன்னல் ஏன் தன் இடத்தை மறக்கிறது?

பள்ளிக் கணிப்பொறி ஆய்வகத்தில் தினமும் நடக்கும் ஒரு சின்னத் தொல்லையைப் பற்றி இந்த மாதம் பேசலாமா? ஒரு மென்பொருளைத் திறக்கிறீர்கள். அது திரையின் ஒரு மூலையில் தீப்பெட்டி போல விரிகிறது. நீங்கள் அதை இழுத்து, பெரிதாக்கி, வசதியான இடத்தில் வைத்து வேலை செய்கிறீர்கள். மூடிவிட்டுப் போய் மறுநாள் திறந்தால், மறுபடியும் அதே மூலை, அதே தீப்பெட்டி! "இந்தக் கம்ப்யூட்டருக்கு ஞாபகமறதி, சார்" என்று சொல்லிவிட்டு மறுபடியும் இழுத்து விரிக்கிறீர்கள்.

உங்களுடைய அந்த ஒரு வாக்கியத்தோடுதான் எனக்கு வழக்கு. "ஞாபகமறதி" என்று சொல்வது காரணத்தைக் கண்டுபிடித்ததாகாது. காரணத்தைத் தேடும் வேலையிலிருந்து நழுவுவதற்கு அது ஒரு நல்ல சாக்கு. நான் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பயிற்றுவிப்பவன். எங்கள் பகுதியில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளில் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஏதாவது ஓர் இயந்திரத்தின் முன்னால்தான் நிற்கப்போகிறார்கள். அந்த இயந்திரம் பழுதாகும்போது "மறந்துவிட்டது" என்று மட்டும் சொல்லத் தெரிந்தவருக்கும், "இந்த இடத்தில்தான் கோளாறு" என்று விரல் வைத்துக் காட்டத் தெரிந்தவருக்கும் உள்ள வேறுபாடு பெரியது. அதைக் கற்றுக்கொள்ள ஒரு மறதிக்கார ஜன்னலைவிட மலிவான பாடம் வேறில்லை என்பது என் கருத்து. எப்படி என்று பார்ப்போம். (விண்டோ என்று எல்லாரும் சொல்வதை இங்கே ஜன்னல் என்றே அழைக்கிறேன்.)

நான்கு எண்கள்

முதலில், எதை நினைவில் வைக்க வேண்டும்? வரைபடத்தாளில் ஒரு செவ்வகத்தைக் குறிப்பதற்கு உங்களுக்கு எத்தனை எண்கள் தேவை? நான்கு போதும். ஒரு மூலையின் x, y ஆயத்தொலைவுகள், செவ்வகத்தின் அகலம், உயரம். திரையில் திறக்கும் ஜன்னலும் ஒரு செவ்வகம்தான். பிக்சல் எனப்படும் மிகச் சிறிய புள்ளிகள்தான் இங்கே அளவுகோல். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம் வரைபடத்தாளில் y மேல்நோக்கி வளரும். கணிப்பொறித் திரையில் ஆதிப்புள்ளி இடது மேல் மூலை. Y கீழ்நோக்கி வளரும்.

1920 பிக்சல் அகலமும் 1080 பிக்சல் உயரமும் கொண்ட திரையில் ஒரு ஜன்னல் 200, 100, 800, 600 என்ற எண்களோடு இருக்கிறது என்றால், அது இடமிருந்து 200 புள்ளி தள்ளி, மேலிருந்து 100 புள்ளி இறங்கி, 800 அகலமும் 600 உயரமுமாக நிற்கிறது என்று பொருள். அது திரை முழுவதும் விரிக்கப்பட்டிருந்ததா இல்லையா என்ற ஆம்-இல்லைக் குறிப்பு ஒன்றையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு முடிந்தது. கோடிக்கணக்கான எழுத்துகளைச் சேமிக்கும் கணிப்பொறிக்கு இந்த நான்கு எண்கள் ஒரு பொருட்டா? ஆகவே, இடம் போதாமல் மறந்தது என்ற பேச்சுக்கே இடமில்லை.

நான்கு வேலைகள்

அப்படியானால் தவறு எங்கே நேர்கிறது? சதுரங்கம் ஆடத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. ஆட்டம் முடியும் முன்பே மணி அடித்துவிட்டது. பலகையை எடுத்து வைக்கச் சொல்கிறார் ஆசிரியர். நாளை இதே நிலையிலிருந்து தொடர வேண்டும். என்ன செய்வீர்கள்?

முதலில், எந்தக் காய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பீர்கள். இரண்டாவது, அதை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்துவீர்கள். மூன்றாவது, மறுநாள் அதே தாளைத் தேடி எடுத்துப் படிப்பீர்கள். நான்காவது, படித்தபடி காய்களைப் பலகையில் வைப்பீர்கள். இந்த நான்கில் ஏதாவது ஒன்று தவறினாலும் முடிவு ஒன்றுதான். புதிதாக முதலிலிருந்து ஆட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு நான்கு தவறுகளும் ஒரே மாதிரிதான் தெரியும்!

மென்பொருளும் இதே நான்கு வேலைகளைத்தான் செய்கிறது. ஜன்னலின் எண்களைப் பார்க்கிறது; எழுதுகிறது; அடுத்த முறை படிக்கிறது; படித்தபடி ஜன்னலை நிறுத்துகிறது. வேலை நடக்கும்போது எண்கள் இருக்கும் நினைவகம், மின்சாரம் நின்றதும் கரும்பலகையைத் துடைத்தது போல் காலியாகிவிடும். எனவே, வட்டில் ஒரு கோப்பாக எழுதினால்தான் மறுநாளுக்கு மிஞ்சும். பழைய விண்டோஸ் மென்பொருள்கள் ஐ.என்.ஐ. என்று முடியும் சிறு கோப்பில் எழுதின. விண்டோஸ் 95 வந்த பிறகு ரெஜிஸ்ட்ரி என்ற பொதுப் பதிவேட்டில் எழுதும் வழக்கம் பரவியது. லினக்ஸில் பெரும்பாலும் உங்கள் சொந்தக் கோப்புறைக்குள், பெயரின் முன்னால் ஒரு புள்ளி வைத்து மறைக்கப்பட்ட இடத்தில் எழுதப்படும்.

2011-இல் தமிழ்நாடு அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. அப்படி இரண்டும் உள்ள கணிப்பொறியில், விண்டோஸில் ஒரு ஜன்னலை எங்கே வைத்தீர்கள் என்பது லினக்ஸுக்குத் தெரியாது. ஒரே கணிப்பொறிதான்; ஆனால் இரண்டு நோட்டுப் புத்தகங்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் தேடினால் கிடைக்குமா?

ஓசூரில் இரண்டு பாடங்கள்

நினைவு என்பது ஏதோ ஒரு பொருளில் பதிந்திருந்தே ஆக வேண்டும் என்பதை எங்கள் ஊரின் இரண்டு தொழில்கள் அழகாகக் காட்டுகின்றன. ஒன்று கைக்கடிகாரம். டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோ நிறுவனமும் இணைந்து 1984-இல் உருவாக்கிய டைட்டன் நிறுவனத்தின் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஓசூரில்தான் இருக்கிறது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள் இருக்கும் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இந்த எண் ஏன்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்கள். மின்சுற்று அந்த அதிர்வைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கினால், விநாடிக்குச் சரியாக ஒரு துடிப்பு கிடைக்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் குட்டி மோட்டார் ஒன்று முள்ளை ஒரு படி தள்ளுகிறது.

இப்போது ஒரு கேள்வி. அந்த மின்சுற்றுக்கு மணி என்ன என்று தெரியுமா? தெரியாது! அதற்குத் தெரிந்ததெல்லாம் "ஒரு படி தள்ளு" என்பது மட்டுமே. மணி எவ்வளவு என்ற நினைவு முட்களின் நிலையில்தான் இருக்கிறது. மின்கலம் தீர்ந்தால் முள் நின்ற இடத்தில் நிற்கும். புதிய மின்கலம் போட்டால், இடையில் எத்தனை நாள் ஓடியிருந்தாலும், அங்கிருந்தே தொடரும். அதனால்தான் நாம் மணியைத் திருத்தி வைக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பாடம் லேத் பட்டறையில் இருக்கிறது. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி வாகன உதிரிப்பாகங்கள் செய்யும் பட்டறைகள் ஏராளம். அங்குள்ள சி.என்.சி. லேத்துகளில் பலவற்றை, காலையில் மின்சாரம் கொடுத்ததும், முதலில் அதன் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். ஏன்? வெட்டும் கருவி எவ்வளவு நகர்ந்தது என்று அளக்கும் என்கோடர் என்ற உறுப்பு, ஒரு வகையில், துடிப்புகளை மட்டுமே எண்ணுகிறது. எத்தனை துடிப்பு நகர்ந்தது என்று தெரியுமே தவிர, எங்கிருந்து புறப்பட்டது என்று தெரியாது. மின்சாரம் நின்றதும் எண்ணிக்கை போய்விடும். ஆகவே, ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தொட்டுவிட்டு வந்து, அங்கிருந்து புதிதாக எண்ணத் தொடங்க வேண்டும். வேறு வகை என்கோடர்கள் இடத்தையே சொல்லக்கூடியவை. அவற்றில் சில, மின்சாரம் இல்லாத நேரத்திலும் ஒரு சிறு மின்கலத்தின் துணையோடு நினைவை வைத்திருக்கும். அந்த மின்கலம் தளர்ந்து போனால் நினைவும் போகும்.

இங்கேதான் விளையாட்டு வினையாகிறது. திரையில் ஜன்னல் தவறான இடத்தில் திறந்தால் எரிச்சல் மட்டுமே. லேத்தில் கருவியின் இடம் பற்றிய எண் தவறாக இருக்கும்போது பொத்தானை அழுத்தினால், சுழலும் இரும்பின்மீது கருவி போய் மோதும். கருவி உடையும், இயந்திரம் பாழாகும், அருகில் நிற்பவருக்கும் ஆபத்து. "மெஷின் மறந்துடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஓட்டுகிறவரை எந்தப் பட்டறை நம்பும்? எண் எங்கே எழுதப்பட்டிருந்தது, ஏன் போயிற்று, இப்போது திரையில் காட்டும் எண் உண்மையானதா என்று கேட்கிறவரைத்தான் நம்பும். கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஜன்னலில் அதைக் கேட்டுப் பழகினால் யாருக்கும் காயம் படாது.

எந்தப் படியில் கோளாறு?

சரி, பரிசோதனைக்கு வருவோம். ஆய்வகத்தில் நாம் எப்போதும் கடைப்பிடிக்கும் மூன்று விதிகள் இங்கேயும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். செய்யும் முன்பே "இப்படி ஆகும்" என்று ஊகத்தை எழுதி வைப்பது. நடந்ததை நடந்தபடி குறித்துக்கொள்வது.

முதல் சோதனை: ஜன்னலை நகர்த்துங்கள். மென்பொருளை முறையாக மூடுங்கள். மறுபடியும் திறங்கள். இப்போது சரியான இடத்தில் திறக்கிறதா? அப்படியானால் நான்கு வேலைகளும் நடக்கின்றன. பிறகு ஏன் நேற்று மறந்தது? மின்வெட்டு வந்திருக்கலாம், அல்லது மென்பொருள் உறைந்துபோய் யாராவது வலுக்கட்டாயமாக நிறுத்தியிருக்கலாம். பல மென்பொருள்கள் தம்மை மூடும் நேரத்தில் மட்டுமே எண்களை எழுதுகின்றன. மணி அடித்ததும் தாளில் எழுதாமலே பலகையைக் கவிழ்த்துவிட்டால் எப்படி? அதே கதைதான்.

இரண்டாவது சோதனை: முறையாக மூடியும் மறக்கிறதா? எண்கள் எழுதப்படும் கோப்பைக் கண்டுபிடியுங்கள். அது கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தைப் பாருங்கள். மென்பொருளை மூடிய பிறகும் அந்த நேரம் மாறவில்லையென்றால், எழுதும் வேலை நடக்கவில்லை. எழுத அனுமதி இல்லாமல் இருக்கலாம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. பழைய விண்டோஸ் மென்பொருள்களில் பல, தாம் நிறுவப்பட்ட கோப்புறையிலேயே தம் குறிப்புகளையும் எழுதி வந்தன. 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, பாதுகாப்புக்காக, சாதாரணப் பயனர்கள் அந்த இடத்தில் எழுதுவதைத் தடுத்தது. பழைய மென்பொருள்கள் திண்டாடாமல் இருக்க, அவை எழுதுவதை வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டையும் செய்தது. அதன் விளைவு வேடிக்கையானது. சாதாரணப் பயனராகத் திறந்தால் ஒரு குறிப்பு, நிர்வாகியாகத் திறந்தால் இன்னொரு குறிப்பு! ஒரே மென்பொருள் இன்று ஒரு மாதிரியும் நாளை ஒரு மாதிரியும் நடந்துகொள்வதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது சோதனை: கோப்பு மாறியிருக்கிறது, ஆனாலும் ஜன்னல் பழைய இடத்திலேயே திறக்கிறது. இப்போது கோப்புக்குள் பாருங்கள். எண்கள் சரியாக இருந்தால், படிக்கும் வேலையில் சந்தேகம். எண்கள் தவறாக இருந்தால், வேறு யாரோ மேலே எழுதிவிட்டார்கள் என்று கொள்ளலாம். யார் அந்த வேறு யாரோ? ஒருவேளை அதே மென்பொருளை நீங்கள் இரண்டு முறை திறந்திருப்பீர்கள். கடைசியாக மூடப்பட்டது எதுவோ, அதன் எண்களே மிஞ்சும்.

எங்கள் எல்லைப்புறத்துக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. ஓசூர்ப் பக்கத்து வகுப்புகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம் பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். கணிப்பொறியில் தம் பயனர் பெயரைத் தாய்மொழியில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவது நியாயமே. 1991-இல் வெளிவந்த யூனிகோடின் முதல் பதிப்பிலேயே இம்மூன்று மொழிகளின் எழுத்துகளும் இடம்பெற்றுவிட்டன. ஆனால், யூனிகோடைப் பின்பற்றாமல் எழுதப்பட்ட பழைய மென்பொருள்கள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. பயனர் பெயர் கோப்புறையின் பெயராகவும் ஆகிவிடுவதால், அந்தப் பாதையைப் படிக்கத் தெரியாமல் அவை தடுமாறும். எழுதவும் முடியாது, படிக்கவும் முடியாது. உங்கள் பெயரில் தவறில்லை. மென்பொருளை எழுதியவர் உங்களை நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிப்பது எப்படி? ஆங்கில எழுத்தில் ஒரு பயனர் பெயரை உருவாக்கி, அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே நினைவிருந்து இங்கே மறந்தால், குற்றவாளி அகப்பட்டான்.

நான்காவது சோதனை: எண்கள் எழுதப்பட்டன, படிக்கவும் பட்டன. ஆனால் ஜன்னல் கண்ணுக்கே தெரியவில்லை! நேற்று புரொஜெக்டரை இணைத்திருந்தீர்களா? 1920 அகலமுள்ள திரைக்கு வலப்புறம் இரண்டாவது திரை இருந்தால், அங்கே x-இன் மதிப்பு 1920-இலிருந்து தொடங்கும். ஜன்னலை 2100-இல் வைத்துவிட்டு மூடினீர்கள். இன்று புரொஜெக்டர் இல்லை. 2100 என்ற இடமே இல்லை. நல்ல மென்பொருள் இதைக் கவனித்து, ஜன்னலைத் திரைக்குள் இழுத்துவிடும். கவனிக்காத மென்பொருள், இல்லாத இடத்தில் ஜன்னலைத் திறந்துவிட்டுச் சும்மா இருக்கும்.

இதைவிட விசித்திரமான எண் ஒன்றையும் கோப்புகளில் பார்க்கலாம்: -32000. இது எங்கிருந்து வந்தது? விண்டோஸில் ஒரு ஜன்னலைச் சுருக்கிக் கீழ்ப்பட்டைக்கு அனுப்பும்போது, அதைத் திரைக்கு வெகு தொலைவில், x, y இரண்டும் -32000 என்ற இடத்தில் ஒதுக்கி வைப்பது வழக்கம். ஜன்னல் சுருங்கியிருக்கும் நேரத்தில் மென்பொருள் "நான் எங்கே இருக்கிறேன்?" என்று பார்த்து அதையே எழுதிவிட்டால்? அடுத்த முறை அங்கேயே திறக்கும்! இங்கே எழுதுவதும் படிப்பதும் குற்றமற்றவை. முதல் வேலையான பார்ப்பதில்தான் தவறு. தவறான நேரத்தில் பார்த்துவிட்டது. எண்ணை மட்டும் பார்த்தே பழுது எந்தப் படியில் என்று சொல்ல முடிகிறது, பாருங்கள்.

வளரும் ஜன்னல்

சில ஜன்னல்கள் மறப்பதில்லை. தவறாக நினைவில் வைத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் பெரிதாகிக்கொண்டே போகும். இதற்குப் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். ஒவ்வொரு முறையும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

600, 628, 656, 684 என்று வந்தால் என்ன தொடர்வரிசை? கூட்டுத் தொடர்வரிசை, பொது வித்தியாசம் 28. ஜன்னலின் மேல் இருக்கும் தலைப்புப் பட்டையின் உயரத்தை அளந்து பாருங்கள். அதுவும் 28 என்றால் விடை கிடைத்துவிட்டது. மென்பொருள் அளக்கும்போது பட்டையையும் சேர்த்து அளக்கிறது. திறக்கும்போது பட்டை நீங்கலான உயரம் என்று நினைத்துக்கொள்கிறது.

மாறாக, அகலம் 800, 1000, 1250 என்று போனால்? இது பெருக்குத் தொடர்வரிசை. பொது விகிதம் 1.25. திரையின் எழுத்துகள் பெரிதாகத் தெரிவதற்காக யாராவது 125 விழுக்காடு என்று வைத்திருக்கிறார்களா என்று அமைப்பில் பாருங்கள். வைத்திருந்தால், ஒரே பெருக்கலை மென்பொருள் மறுபடியும் மறுபடியும் செய்துகொண்டிருக்கிறது என்று ஊகிக்கலாம். சோதிக்க வழி? 100 விழுக்காட்டுக்கு மாற்றிப் பாருங்கள். வளர்ச்சி நின்றால் ஊகம் உறுதி. தொடர்வரிசை தேர்வுக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தவர்கள் இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பழுதா, முடிவா?

இதுவரை சொன்னவை பழுதுகள். எல்லா மறதியும் பழுதாகாது. உங்கள் ஆய்வகத்தில், ஒவ்வொரு முறை கணிப்பொறியை நிறுத்தி இயக்கும்போதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்படி ஏற்பாடு செய்திருக்கலாம். நாற்பது பேர் மாறி மாறித் தொடும் இயந்திரத்தில், ஒருவர் செய்த குளறுபடி அடுத்தவரைப் பாதிக்காமல் இருக்க இது நல்ல வழி. பிரவுசிங் சென்டரில் நீங்கள் பயன்படுத்திய மின்னஞ்சலின் சுவடு அடுத்தவருக்குக் கிடைக்காமல் இருப்பதும் நல்லதுதானே? அங்கே மறதி ஒரு பாதுகாப்பு.

லினக்ஸில் இன்னும் சுவையான ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1984-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பிறந்த எக்ஸ் என்ற ஜன்னல் முறையில், எந்த மென்பொருளும் தான் நிற்க விரும்பும் இடத்தைக் கேட்டுப் பெறலாம். 2008-இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற புதிய முறையில், சாதாரண ஜன்னல் திரையில் தான் எங்கே இருக்கிறது என்று மென்பொருளுக்குச் சொல்லப்படுவதில்லை. "என்னை இங்கே வை" என்று அது கேட்கவும் வழியில்லை. எங்கே வைப்பது என்பதைத் திரையை ஆளும் நிரலே முடிவு செய்யும். ஒரு மென்பொருள் இன்னொன்றை வேவு பார்ப்பதும், பொய்யான ஜன்னலைச் சரியாக மேலே கொண்டுவந்து வைத்து ஏமாற்றுவதும் கடினமாக வேண்டும் என்ற எண்ணம் இதில் உண்டு. ஆகவே, வேலண்டில் ஒரு மென்பொருள் தன் அளவை நினைவில் வைத்துக்கொண்டு இடத்தை மட்டும் மறந்தால், அந்த மென்பொருளைத் திட்டிப் பயனில்லை. விதியே அப்படி.

எனவே, "ஏன் மறந்தது?" என்ற கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் வர வேண்டும்: "மறக்க வேண்டும் என்று யாராவது முடிவு செய்தார்களா?" முடிவு என்றால், அதைச் செய்தவரிடம் காரணம் கேட்கலாம், காரணம் சரியில்லை என்று தோன்றினால் வாதாடலாம். பழுது என்றால் திருத்தலாம். இரண்டையும் பிரித்தறியாமல் எல்லாவற்றையும் "கம்ப்யூட்டர் அப்படித்தான்" என்று ஏற்றுக்கொள்வது அறிவியல் மனப்பான்மைக்கு நேர் எதிரானது.

என்ன செய்யலாம்?

"இழுத்து விரிக்க இரண்டு விநாடி போதுமே, இதற்கு ஒரு மணி நேரம் ஆராய்ச்சியா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஜன்னலைச் சரிசெய்வது மட்டுமே நோக்கமானால் இரண்டு விநாடி போதும்தான். ஆனால் பள்ளியில் ஊசலை ஆட்டி g-இன் மதிப்பை ஏன் காண்கிறோம்? அந்த மதிப்பு புத்தகத்திலேயே இருக்கிறதே! அளக்கவும், சந்தேகப்படவும், சரிபார்க்கவும் பழகுவதற்குத்தானே? இங்கும் அதே பயிற்சிதான். ஒரு வேறுபாடு: ஊசலின் விடை முன்பே தெரியும். உங்கள் ஜன்னலின் விடை யாருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. உண்மையான ஆராய்ச்சி என்பது இதுதான்.

இன்னொரு பழக்கத்தையும் நான் எதிர்க்கிறேன். எந்தக் கோளாறு வந்தாலும் நிறுத்தி இயக்குவது, அதுவும் பலிக்காவிட்டால் மென்பொருளை அழித்து மறுபடியும் நிறுவுவது, அதற்கும் மசியாவிட்டால் "உள்ளே இருக்கும் பேட்டரி போய்விட்டது" என்று தீர்ப்புச் சொல்வது. மேசைக் கணிப்பொறியின் பலகையில் இருக்கும் அந்தக் காசு வடிவ மின்கலம் தளர்ந்தால் தேதியும் நேரமும் பின்னால் போகும். ஜன்னலின் எண்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை, அவை வட்டில் இருக்கின்றன. மறுபடி நிறுவினால் சில சமயம் சரியாகும், உண்மைதான். ஆனால் தடயமும் அழிந்துபோகும். ஏன் சரியானது என்று தெரியாமல் சரியான ஒன்று, ஏன் என்று தெரியாமலேயே மறுபடியும் கெடும்.

ஆகவே, பள்ளிகளுக்கு என் வேண்டுகோள் மூன்று. ஒவ்வொரு மாணவருக்கும் கணிப்பொறியில் சொந்தப் பயனர் பெயர் கொடுங்கள். எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால், யாருடைய நினைவு யாருடையது என்று எப்படித் தெரியும்? மற்றக் கணிப்பொறிகள் தினமும் பழைய நிலைக்குத் திரும்பட்டும். ஒன்றையாவது அந்த ஏற்பாடு இல்லாமல், சோதனைக்கென்று விட்டுவையுங்கள். ஆய்வகத்தில் ஒரு பழுது நோட்டு வையுங்கள். தேதி, கண்ட கோளாறு, ஊகம், செய்த சோதனை, முடிவு என்று ஐந்து பத்திகள் போதும். பழுதை நீக்கியதற்கு அல்ல, பழுது எந்தப் படியில் என்று சான்றோடு காட்டியதற்கு மதிப்பெண் கொடுங்கள்.

உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை. பள்ளிக் கணிப்பொறியில் ஆசிரியரின் அனுமதியில்லாமல் எதையும் மாற்றாதீர்கள். எந்தக் கோப்பைத் திருத்தும் முன்பும் அதற்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள். ரெஜிஸ்ட்ரியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அங்கே தவறான ஒரு வரியை அழித்தால் கணிப்பொறியே எழுந்திருக்காமல் போகலாம்.

அடுத்த முறை ஒரு ஜன்னல் தீப்பெட்டியாகத் திறந்தால், உடனே இழுத்து விரிக்காதீர்கள். நோட்டை எடுங்கள். பார்த்ததா, எழுதியதா, படித்ததா, வைத்ததா என்று நான்கு கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள். எந்தக் கேள்வியில் "இல்லை" என்ற பதில் வருகிறது என்று கண்டுபிடித்து, உங்கள் வகுப்புத் தோழர்களுக்கும் காட்டுங்கள். கண்டுபிடித்ததை எங்களுக்கும் எழுதுங்களேன்!